கரிசல் வெஸ்டர்ன்

2023 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 10ஆம் தேதி, கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' வெளியானது. விளம்பரத்திலேயே 'பாண்டியா வெஸ்டர்ன்' என்று போட்டுக்கொண்டார்கள். பாண்டிய நாடு மதுரையோடு முடிந்துவிடுகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் தாண்டி, விருதுநகரில் இறங்கி, எண்ணெயில் பொரித்த புரோட்டாவை நொறுக்கிவிட்டு அருப்புக்கோட்டை ரோட்டில் திரும்பினால் பாலவனத்தம் வரும். வெஸ்டர்ன் எடுப்பதென்றால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என்ன இல்லை இங்கே? குதிரைக் குளம்படியில் பறக்கப் புழுதி இருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்க்க வெயில் இருக்கிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட் பல வருஷம் பழகி வரவழைத்த அந்த இடுங்கிய பார்வை எங்கள் ஊரில் பத்து வயசுப் பையனுக்கே வந்துவிடும். செட்டுக்கும் செலவில்லை. அமெரிக்கப் படங்களில் துப்பாக்கிக்காரன் பதுங்குகிற மெஸ்கிட் என்ற முட்புதரின் பங்காளிதான் எங்கள் சீமைக்கருவேலம். மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. கடல் தாண்டி வந்து, கண்மாய்க்குள் இறங்கி, பட்டா சிட்டா எதுவும் இல்லாமல் குடியேறிவிட்டது. நாங்களும் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றிப் பார்க்கிறோம். லாரி திரும்பி வருவதற்குள் முளைத்துவிடுகிறது. கௌபாய் மட்டும்தான் வரவில்லையே தவிர, அவன் பதுங்க வேண்டிய புதர் எப்போதோ வந்து காத்திருக்கிறது.

சரி, படத்துக்கு வருவோம். கதை 1970களின் மதுரை. ராகவா லாரன்ஸ்தான் சீசர் என்கிற தாதா. ஈஸ்ட்வுட் பைத்தியம். தமிழ் சினிமாவின் முதல் கறுப்பு ஹீரோ ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. கறுத்தவன் ஹீரோவா என்று சிரித்தவர்கள் முகத்தில் கரியைப் பூச வேண்டும். டைரக்டர் தேடுகிறார். சத்யஜித் ரேயின் சீடன் என்று கூசாமல் புளுகிக்கொண்டு எஸ்.ஜே. சூர்யா வருகிறார். உண்மையில் அவர் சீசரைத் தீர்த்துக்கட்ட அனுப்பப்பட்ட ஆள். துப்பாக்கியை எடுக்க வேண்டிய கையில் கேமராவைக் கொடுத்துவிடுகிறார்கள். இடைவேளை வரை தியேட்டரில் விசில். அதற்குப் பிறகு காடு, யானை, போலீஸ், படுகொலை என்று படம் மலையேறிவிடுகிறது. நல்ல பகுதிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் நிறைய. ஆனால் கறுப்பு ஹீரோ முழுசாக மூன்று மணி நேரம் சும்மா கெத்தாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாதா என்று எனக்கு அப்போதே ஒரு மனத்தாங்கல். பாதிப் படத்துக்கு மேல் அவனைச் சிரிக்கவிட நமக்கு மனசு வரவில்லை. தியாகம் செய்தால்தான் டிக்கெட் காசு செரிக்கிறது.

இந்த மனத்தாங்கல் புரிய வேண்டுமானால் ஒரு எட்டு அமெரிக்கா போய் வர வேண்டும்.

1971. மெல்வின் வான் பீபிள்ஸ் என்று ஒரு கறுப்பினக் கலைஞர். ஒரு படத்துக்கு எழுத்து, இயக்கம், இசை, படத்தொகுப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே. நம் டி. ராஜேந்தரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்காது. காசு போதாமல் பில் காஸ்பியிடம் 50,000 டாலர் கைமாற்று வாங்கினார். 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்' என்று நாக்கு சுளுக்குகிற பெயர். முதலில் கிடைத்தது இரண்டே தியேட்டர்: டெட்ராய்ட்டில் ஒன்று, அட்லாண்டாவில் ஒன்று. கதை இவ்வளவுதான்: ஒரு கறுப்பு இளைஞனைப் போலீஸ்காரர்கள் துன்புறுத்துகிறார்கள், நம் கதாநாயகன் அவர்களை அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறான், ஓடுகிறான், மெக்சிகோ எல்லை வரை ஓடுகிறான். கடைசியில் என்ன ஆகிறான் தெரியுமா? தப்பித்துவிடுகிறான். அவ்வளவுதான் புரட்சி. அதுவரை ஹாலிவுட்டில் கறுப்பன் வந்தால் வேலைக்காரனாக வருவான், இல்லாவிட்டால் வெள்ளைக்கார ஹீரோவைக் காப்பாற்றிவிட்டு நாலாவது ரீலில் உயிரை விடுவான். இவன் உயிரோடு போனதைப் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது.

அந்த வரிசையை ஹாலிவுட் முதலாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அப்போது கல்லாவில் ஈ ஓடிய காலம். அதே வருஷம் எம்.ஜி.எம். 'ஷாஃப்ட்' வந்தது. ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு நியூயார்க் தெருவைக் குறுக்கே கடக்கிறார். கார்கள்தான் பயந்து நிற்கின்றன. ஐசக் ஹேய்ஸின் பாட்டுக்கு மறுவருஷம் ஆஸ்கர். அப்புறம் கேட்க வேண்டுமா? 'சூப்பர் ஃப்ளை', 'காஃபி', 'ஃபாக்ஸி பிரவுன்', 'பிளாக் பெல்ட் ஜோன்ஸ்' என்று வாரத்துக்கு ஒன்று. டிராகுலாவையும் விடவில்லை, 'பிளாகுலா' என்று அவருக்கும் ஒரு கறுப்பு வாரிசு பிறந்தார். இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்த ஜூனியஸ் கிரிஃபின் என்ற கறுப்பின உரிமைச் சங்கக்காரர் 1972இல் 'பிளாக்ஸ்பிளாய்டேஷன்' என்று பெயர் வைத்தார். கறுப்பர்களைத் திருடனாகவும் கஞ்சா வியாபாரியாகவும் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்பது அவர் வழக்கு. வழக்கில் நியாயம் இருந்தது. ஓடியது கறுப்பு ஹீரோ, எண்ணியது பெரும்பாலும் வெள்ளைக் கை. ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த நியாயம் இரண்டாம்பட்சம். தன் நிறத்தில் ஒருத்தன் கதவைக் காலால் உதைத்துத் திறப்பதைப் பார்க்க அவன் டிக்கெட் வாங்கியிருந்தான். கறுப்பர்கள் 'காட்ஃபாதரு'க்கும் கூட்டமாகத்தான் வருகிறார்கள் என்று கண்டுபிடித்ததும், ஐந்தாறு வருஷத்தில் ஹாலிவுட் கடையைச் சாத்திவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2009இல், 'பிளாக் டைனமைட்' என்று அந்தப் படங்களுக்கு ஒரு கேலி மரியாதை செய்தார்கள். ஸ்காட் சாண்டர்ஸ் இயக்கம், மைக்கேல் ஜெய் ஒயிட் ஹீரோ. 70களின் படம் மாதிரியே தெரியவேண்டும் என்று சூப்பர் 16 ஃபிலிமில், இருபது நாளில் சுருட்டினார்கள். தலைக்கு மேல் மைக் தொங்குகிறது. ஹீரோ பேசிக்கொண்டே அதை முறைக்கிறார். சண்டையின் நடுவில் ஒரு நடிகர் மாறி இன்னொரு நடிகர் வந்துவிடுகிறார். ஒருவர் வசனத்தோடு சேர்த்து, அடைப்புக்குறிக்குள் இருந்த நடிப்புக் குறிப்பையும் உரக்க வாசித்துவிடுகிறார். கறுப்பர்களின் ஆண்மையைக் குறுக்குகிற மதுவை யார் விற்கிறார்கள் என்று துப்புத் துலக்கிக்கொண்டே போன ஹீரோ, கடைசியில் வெள்ளை மாளிகைக்குள் புகுந்து அதிபர் நிக்ஸனோடு குங்ஃபூ போடுகிறார். யாரும் தியாகம் செய்யவில்லை. யாரும் மலையேறவில்லை. கடைசி ஃபிரேம் வரைக்கும் கெத்து.

அங்கே ஷாஃப்ட் தெருவைக் கடந்த அதே வருஷங்களில் நம் பக்கம் என்ன நடந்தது? ஜெய்சங்கர் நடந்தது. ஒளிப்பதிவாளர் கர்ணன் கேமராவையும் டைரக்ஷனையும் சேர்த்துக் கையில் எடுத்து, 1970இல் 'காலம் வெல்லும்', 1972இல் 'கங்கா' என்று குதிரைப் படங்களாக விட்டார். அது எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. ஆள் தொப்பி போட்டிருப்பான், அவன் அம்மா சேலை கட்டியிருப்பாள், வில்லன் வீட்டில் குலதெய்வம் இருக்கும். டூரிங் கொட்டகை மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. குதிரை ஓடுகிறதா, ஓடுகிறது, அவ்வளவு போதும். ஆந்திரப் பக்கம் 1970இலேயே விஜயலலிதா 'ரௌடி ராணி'யில் துப்பாக்கியைத் தூக்கிப் பழிவாங்கப் புறப்பட்டுவிட்டார். பாம் கிரியர் 'காஃபி'யில் அதே காரியத்தைச் செய்தது 1973இல். அந்த விஷயத்தில் ஹாலிவுட்டுக்கு மூன்று வருஷ சீனியர் நாம். யாரும் மாலை போடவில்லை.

இந்தப் படங்களுக்கும் கேலி மரியாதை நடந்தது. 2010 மே மாதம் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்'. ஹீரோவின் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர். ஆட்டிப்படைக்கிற ஊருக்கு உசாபுரம். அங்கே நாசர் உட்கார்ந்துகொண்டு சிற்றூர்களை மிரட்டுவார். ஹீரோ? அதே ராகவா லாரன்ஸ். ஆக, தொப்பியும் குதிரையும் அவருக்குப் பதின்மூன்று வருஷப் பழக்கம். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' வந்து, மதுரை அரிவாள், கிராமத்துக் கள்ளிப்பால், ஒரே பாட்டில் பணக்காரன் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்திருந்தது. 'பிளாக் டைனமைட்' அமெரிக்கத் தியேட்டருக்கு வந்து ஏழு மாதத்துக்குள் இத்தனையும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் தன் பழைய படங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் இந்த இரண்டு படத்திலும் ஒரு சமாசாரத்தைத் தொடவில்லை. நிறம்.

நிறம் என்றால் அருப்புக்கோட்டையைத்தான் கேட்க வேண்டும். மண்ணே கறுப்பு, கரிசல். அதில் பருத்தியும் கம்பும் போட்டு வெயிலில் நின்றவர்கள் மண்ணின் நிறத்துக்கே வந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட தொகுதி 1977 தேர்தலில் யாரைச் சட்டசபைக்கு அனுப்பியது? எம்.ஜி.ஆரை. ரோஜா நிறம். அதன் மேல் வெள்ளை ரோமத் தொப்பி, அதன் கீழே கறுப்புக் கண்ணாடி. உடம்பில் கறுப்பாக இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். அவர் முதலமைச்சரானபோது அருப்புக்கோட்டை உறுப்பினர் என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் தேயாத பெருமை. உண்மையைச் சொன்னால் தமிழ்நாட்டின் அசல் வெஸ்டர்ன் நாயகன் அவர்தான். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதா அவரை வீட்டிலேயே சுட்டார். கழுத்தில் குண்டு. ராதாவுக்கும் காயம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தார். ஈஸ்ட்வுட் குண்டடி பட்டு எழுந்ததெல்லாம் சம்பளத்துக்கு. 1978 பொங்கலுக்கு 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்தபோது அவர் முதலமைச்சர். திரையில் பாண்டிய இளவரசன், பளபளவென்று ரோஜாப்பூ மாதிரி நின்றார். பாண்டியன் கறுப்பாக இருந்திருப்பானே என்று கொட்டகையில் ஒரு கறுத்த மனுஷனும் கேட்கவில்லை.

1975ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். சீசரின் கதை நடக்கிற காலம். அந்த வருஷம்தான் அமெரிக்காவில் ரூடி ரே மூர் தன் சொந்தக் காசைக் கொட்டி 'டோலமைட்' எடுத்தார். தொப்பை குலுங்க அவர் போடுகிற குங்ஃபூவில் கால் இடுப்பைத் தாண்டாது. மூன்று அடி தள்ளி நிற்கிறவன் அடி வாங்கி விழுவான். அதே வருஷம் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி அறிமுகம். கறுத்தவன் வெளுக்கலாம், ஒரு டியூப் வாங்கினால் போதும். அதே வருஷம் ஆகஸ்ட் 15ஆம் தேதி பம்பாயில் 'ஷோலே' வெளியாகி, வெஸ்டர்ன் படத்துக்கு இந்திக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தது. அன்றே இங்கே கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்'. அதில் ஒரு பங்களா வாசல் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, கசங்கிய கோட்டும் தாடியுமாக ஒரு கறுத்த ஆள் உள்ளே வந்தார். பாத்திரத்தின் பெயர் பாண்டியன். சீக்காளி, படம் முடிவதற்குள் செத்துப்போவார். முதல் படத்திலேயே அந்த நிறத்துக்கு என்ன விதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த விதியை ரஜினி மீறியது ஊரறிந்த கதை, அதற்கு நான் எதற்கு.

ஆனாலும் ரஜினி எங்கள் வெஸ்டர்ன் நாயகன் இல்லை. அவர் பெங்களூரிலிருந்து வந்தவர். எங்கள் ஆள் திருமங்கலத்தில் பிறந்து, மதுரையில் அப்பாவின் ரைஸ்மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர். விஜயகாந்த். ரசிகர்கள் வைத்த பட்டம் 'கறுப்பு எம்.ஜி.ஆர்.' இரண்டே வார்த்தையில் மொத்தத் தமிழ் சினிமாவின் நிறப் பிரச்சினையும் அடங்கிவிட்டது: எம்.ஜி.ஆர். வேண்டும், ஆனால் எங்கள் கலரில் ஒன்று கொடுங்கள். 1979இல் வந்தார், 1981இல் 'சட்டம் ஒரு இருட்டறை'யில் நின்றார், 1984இல் மட்டும் 18 படம். ஜோடி சேரக் கதாநாயகிகள் தயங்கினார்கள் என்று கோடம்பாக்கத்தில் இன்றும் பேசிக்கொள்வார்கள். அவர் பாட்டுக்குச் சுவரில் ஒரு காலை ஊன்றி, மறு காலால் ஆறு பேரை வரிசையாக உதைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நூறாவது படம் 'கேப்டன் பிரபாகரன்', 1991. அதில் காடு, கடத்தல்காரன், போலீஸ், ஊர் ஜனம் எல்லாம் உண்டு. டபுள் எக்ஸின் இரண்டாம் பாதியை அவர் முப்பத்திரண்டு வருஷம் முன்னாலேயே, மலையேறினாலும் கெத்து இறங்காமல், முடித்துவைத்துவிட்டார்.

இவருக்கு நாம் என்ன செய்தோம்? மீம் போட்டோம். 2001இல் வந்த 'நரசிம்மா'வில் அவருக்குக் கரண்ட் ஷாக் கொடுப்பார்கள். கரண்டுக்கு ஷாக் அடிக்கும். இருபது வருஷமாக அந்தத் துண்டைச் சுற்றில் விட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதே காட்சியை 2009இல் மைக்கேல் ஜெய் ஒயிட் செய்திருந்தால் சன்டான்ஸ் விழாவில் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். மேதைத்தனம், மரியாதை, மறுவாசிப்பு என்று பத்திப் பத்தியாக வந்திருக்கும். வித்தியாசம் இதுதான்: அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் ஹீரோவை முதலில் நம்பினார்கள், பிறகு அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். நாம் நம் ஆளைப் பார்த்து முதலிலேயே சிரித்துவிட்டோம். முதல் 'ஜிகர்தண்டா'வில், 2014இல், அசால்ட் சேதுவுக்கு நடந்ததும் இதேதான். தன் வீரவரலாறு என்று நம்பி நடிக்கிறார். கொட்டகையில் ஊரே உருண்டு சிரிக்கிறது.

டபுள் எக்ஸ் வெளியாகி நாற்பத்தெட்டாவது நாள், சரியாக ஒரு மண்டலம், டிசம்பர் 28ஆம் தேதி விஜயகாந்த் போய்ச் சேர்ந்தார். மீம் போட்ட கையெல்லாம் மெழுகுவர்த்திப் படம் போட்டது. முதல் கறுப்பு ஹீரோவைத் தேடி 1975க்குக் கேமரா தூக்கிக்கொண்டு போன கோடம்பாக்கத்துக்கு, அவர் சாலிகிராமத்தில் இருந்தது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

அதனால் எங்கள் படத்தை நாங்களே எடுத்துவிடுவது என்று பாலவனத்தத்தில் டீக்கடைத் தீர்மானம் ஒன்று போட்டிருக்கிறோம். கதைக்குப் பஞ்சமில்லை. முன்கதை திருச்சுழியில். வெஸ்டர்ன் நாயகனுக்குப் பெயர் இருக்கக் கூடாது, பேச்சு இருக்கக் கூடாது, எங்கிருந்தோ தனியாக ஓர் ஊருக்கு வந்து இறங்க வேண்டும். செர்ஜியோ லியோனி இதை 1964இல் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். அதற்கும் ஜப்பான்காரர் குரோசாவா வழக்குப் போட்டார். இரண்டு பேரும் திருச்சுழிக்கு ராயல்டி கட்ட வேண்டும். திருச்சுழியில் பிறந்த எங்கள் வேங்கடராமன் 1896 ஆகஸ்ட் கடைசியில், பதினாறு வயசில், மதுரை வீட்டிலிருந்து கிளம்பினார். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டப் பெட்டியில் இருந்தது ஐந்து ரூபாய். அதில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டார். லியோனியின் முதல் வெஸ்டர்னுக்குப் பெயர் 'ஒரு கைப்பிடி டாலர்'. எங்கள் ஆளுக்கு மூன்று ரூபாய் போதுமாக இருந்தது. சீட்டு எழுதி வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பெயரே இல்லை! திருவண்ணாமலையில் இறங்கியவர் மிச்சக் காசையும் எறிந்துவிட்டு, கோவணத்தோடு உட்கார்ந்து, வருஷக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் ஊர் அவருக்கு ரமணர் என்று பெயர் வைத்தது. ஈஸ்ட்வுட்டாவது சுருட்டுப் பிடித்தார்.

முதல் பாகத்துக்கு எங்கள் ஜமீன்தாரே ஹீரோ. பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர். மதுரைக்குப் பேசப் போகிறார். மேற்கோள் பார்க்க ஒரு கம்பராமாயணமும் திருக்குறளும் கொண்டுவாருங்கள் என்கிறார். மதுரை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்பது கதை. சலூனுக்குள் நுழைந்து விஸ்கி கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்ட கௌபாயின் முகத்தை இங்கே குளோசப்பில் வைக்கிறோம். சாதாரண கௌபாய் சலூனை உடைப்பான். இவர் 1901 செப்டம்பர் 14ஆம் தேதி புதுச் சலூனே திறந்துவிட்டார். நான்காம் தமிழ்ச் சங்கம். கூட்டாளிகள் யார்? உ.வே. சாமிநாதையர், ரா. இராகவையங்கார் என்று குடுமியும் அங்கவஸ்திரமுமாக ஒரு பெரும்படை. ஆயுதம், ஓலைச்சுவடி. இவர்கள் வரிசையாகப் புழுதியில் நடந்து வருவதை ஸ்லோமோஷனில் எடுத்து, பின்னால் சந்தோஷ் நாராயணனை வாசிக்கவிட்டால் போதும், ஷாஃப்ட்டாவது ஒன்றாவது.

வில்லன் வெள்ளைக்காரன் ஸ்காட். மதுரைப் பக்கம் இருந்த துரை. தமிழ் படித்தார், படித்ததோடு நின்றிருக்கலாம். திருக்குறளில் சில இடங்களில் எதுகை இடிக்கிறது, ஏடு எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று, வள்ளுவருக்கே கரெக்ஷன் போட்டு அச்சடித்துவிட்டார். உலகத்திலேயே இரண்டாயிரம் வருஷத்து ஆசிரியருக்குச் சிவப்பு மையில் திருத்தம் போட்ட முதல் டியூஷன் வாத்தியார். ஜமீன்தார் காதுக்கு எட்டுகிறது. இங்கே உரை மாறி மாறிச் சொல்வார்கள். எங்கள் ஊர் உரை இது: அவர் சத்தம் போடவில்லை. ஆளை அனுப்பி, மிச்சமிருந்த பிரதி எல்லாவற்றையும் கேட்ட விலைக்கு வாங்கினார். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நம் புத்தகத்துக்கு இவ்வளவு கிராக்கியா என்று. வாங்கியதைக் குழி வெட்டிப் போட்டுத் தீ வைத்தார் ஜமீன்தார். ஒரு ரீமேக்குக்கு எதிராகத் தமிழன் எடுத்த முதலும் கடைசியுமான உருப்படியான நடவடிக்கை. நெருப்புக்கு முன்னால் அவர் திரும்பி நடக்கிறார், பின்னால் வெடிக்கிறது. புத்தகம் வெடிக்காது என்று லாஜிக் பேசுகிறவர்கள் 'நரசிம்மா'வை இன்னொரு தரம் பார்க்கவும்.

இரண்டாம் பாகத்தில் கடல். 1906. ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். பத்து லட்ச ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு. தலைவர் நம் பாலவனத்தத்து ஆள். எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. வெள்ளைக்காரன் கட்டணத்தைக் குறைத்தான். இவர்களும் குறைத்தார்கள். அவன் சும்மாவே வாருங்கள் என்றான். அப்போதும் கூட்டம் வராததால், ஏறுகிறவனுக்கு ஒரு குடை இலவசம் என்றான். சூரியன் மறையாத சாம்ராஜ்யம், தூத்துக்குடித் துறைமுகத்தில் குடை விநியோகம் செய்துகொண்டு நின்றது! இதைவிடப் பெரிய காமெடிக் காட்சியை எந்தப் பிளாக் டைனமைட் எழுதிவிட முடியும்? கறுத்த வக்கீல் வெள்ளைக் கம்பெனியைக் குடை கொடுக்க வைத்தான். பி.ஆர். பந்துலு 1961இல் சிவாஜியை வைத்து 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். நல்ல படம், தேசிய விருது வந்தது, கூட்டம் வரவில்லை. நம் ஞாபகத்தில் நிற்பது செக்கு. 1908இல் கைது, சிறை, செக்கு என்று அதற்குப் பிறகு நடந்தது அத்தனையும் நிஜம், அழ வேண்டியதுதான். ஆனால் குடையும் நிஜம்தானே. எங்கள் படம் குடையோடு முடிகிறது. செக்குக்கு முன்னால் ஸ்கிரீனில் 'வணக்கம்' போட்டுவிடுவோம். ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் ஜெயித்துவிட்டுச் சிரித்தபடி நிற்கட்டும்.

கதையைக் கேட்டுவிட்டு டீக்கடையில் முதலில் வாய் திறந்தவர் முருகேசன் பெரியப்பா. "எல்லாஞ் சரிப்பா. ஜமீன்தார் வேசத்துக்கு யாரு?"

"பம்பாய்லேருந்து ஒரு ஆளப் பேசிட்டு இருக்கோம் பெரியப்பா. நல்ல செவப்பு. ஜிம் பாடி."

"செவத்த ஆளு எப்பிடிடா நம்மூரு ஜமீனு?"

"டல் மேக்கப்னு ஒண்ணு இருக்கு. கறுப்பாப் பூசிருவாங்க. தினம் ரெண்டு மணி நேரம் ஆகுமாம், அதுக்குத் தனிச் சம்பளம்."

பெரியப்பா கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "ரெண்டு மணி நேரமா? கிறுக்குப்பயலே. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல போயி நில்லு. மொத வண்டியில எவன் எறங்குறானோ அவன் சட்டையப் பிடிச்சுக் கூட்டியா."